தலையில் அடிபட்டால் கையில் அட்டை இருக்கட்டும்

ஆடி மாதம். மாட்டுப்பட்டியில் சாரல் நிற்கவில்லை. அணையின் மேல் பனி மூடியிருந்தது. தேயிலைக் காட்டில் வேலை முடிந்தது. ஒரு தொழிலாளி மூணாறுக்குப் போய் மளிகைச் சாமான் வாங்கினார். பைக்கில் திரும்பி வந்தார். ஹெல்மெட் இருந்தது. ஆனால் தலையில் இல்லை. வண்டியின் கண்ணாடியில் தொங்கியது.

ஒரு வளைவில் சேறு. பைக் சறுக்கியது. அவர் கீழே விழுந்தார். தலை ரோட்டு ஓரக் கல்லில் மோதியது. கொஞ்ச நேரம் நினைவு இல்லை. பிறகு தானாகவே எழுந்தார். சட்டையைத் தட்டிக்கொண்டார். சாமான் பையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஒண்ணும் இல்ல. லேசா வீக்கம்தான்" என்று மனைவியிடம் சொன்னார். சிரிக்கவும் செய்தார். டீ குடித்தார்.

இரவு எட்டு மணிக்குத் தலைவலி என்றார். ஒன்பது மணிக்கு வாந்தி எடுத்தார். மறுபடியும் வாந்தி. பிறகு தூக்கம் தூக்கமாக வருகிறது என்று படுத்துவிட்டார்.

மனைவிக்குப் பயம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள்.

"அலைச்சல் தாயி. நல்லாத் தூங்கட்டும். காலையில சரியாயிடும்" என்றார் பெரியம்மா.

பெரியம்மாவின் பேரன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவன். அவன் ஓடி வந்து பார்த்தான். மாமாவைத் தட்டி எழுப்பினான். அவர் கண்ணைத் திறக்கவில்லை. என்னவோ முனகினார்.

"அத்தை, இது தூக்கம் இல்ல. மயக்கம். இப்பவே கொண்டு போகணும்."

"எங்க தம்பி கொண்டு போறது? பெரிய ஆஸ்பத்திரின்னா லட்சக்கணக்குல கேப்பாங்களே. நம்மகிட்ட என்ன இருக்கு?"

அவள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. எந்த ஏழை வீட்டிலும் முதலில் வரும் கேள்வி அதுதான். ஆனால் அந்தக் கேள்வியில் நேரம் போகிறது. நேரம் போனால் உயிர் போகிறது.

மேலே சொன்னது கதைதான். ஆனால் இனிமேல் சொல்லப் போகும் திட்டங்களும் சட்டங்களும் கதை அல்ல. அவை நமக்காக இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

மண்டைக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளை மிகவும் மென்மையானது. அதனால்தான் இயற்கை அதைக் கெட்டியான எலும்புக்குள் வைத்திருக்கிறது. அந்த எலும்புக் கூடுதான் மண்டை ஓடு.

தலை வேகமாக மோதும்போது மூளை உள்ளே குலுங்குகிறது. சில நேரம் மூளைக்கு மேலே இருக்கும் இரத்தக் குழாய் அறுந்துவிடும். இரத்தம் கசியும். கையில் காயம் பட்டால் இரத்தம் வெளியே வந்துவிடும். மண்டைக்குள் கசியும் இரத்தம் எங்கே போகும்? வழி இல்லை. எலும்பு விரிந்து கொடுக்காது. அதனால் இரத்தம் கட்டியாகி மூளையை அழுத்தும்.

இது மெதுவாக நடக்கும். அதனால்தான் சிலர் அடிபட்ட பிறகும் எழுந்து நடக்கிறார்கள். நன்றாகப் பேசுகிறார்கள். சில மணி நேரம் கழித்து மயங்கிவிடுகிறார்கள். "நல்லாத்தானே இருந்தார்" என்று பிறகு எல்லோரும் அழுகிறார்கள்.

உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறதா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியும். பெரிய கட்டி இருந்தால் மண்டை ஓட்டைத் திறந்து இரத்தத்தை எடுப்பார்கள். சரியான நேரத்தில் எடுத்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். கண் திறக்கிறாரா? அதற்கு 4 மதிப்பெண் வரை. ஒழுங்காகப் பேசுகிறாரா? 5 வரை. சொன்னபடி கை கால் அசைக்கிறாரா? 6 வரை. மொத்தம் 15. நல்ல நினைவோடு இருப்பவருக்கு 15 கிடைக்கும். 8 அல்லது அதற்கும் கீழே போனால் மிகவும் ஆபத்து. 1974-ல் ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று உலகம் முழுவதும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த அடையாளங்கள் இருந்தால் பொறுக்கக் கூடாது

தலையில் அடிபட்டவரிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது.
திரும்பத் திரும்ப வாந்தி வருகிறது.
தலைவலி கூடிக்கொண்டே போகிறது.
எழுப்பினால் சரியாக எழவில்லை.
பேச்சு குழறுகிறது. ஆள் தெரியவில்லை.
வலிப்பு வருகிறது.
ஒரு கை அல்லது ஒரு கால் வலுவில்லாமல் இருக்கிறது.
ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.
காதில் அல்லது மூக்கில் இரத்தமோ தண்ணீர் போன்றதோ வடிகிறது.

அடிபட்டவர் குடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. "போதையில் கிடக்கிறார்" என்று விட்டுவிடக் கூடாது. அது போதையா, மூளைக் காயமா என்று நம்மால் சொல்ல முடியாது.

வண்டி வரும்வரை என்ன செய்யலாம்? 108-க்குப் போன் செய்யுங்கள். 112-க்கும் செய்யலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கழுத்தை மடக்காதீர்கள். தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி தூக்குங்கள். வாந்தி எடுத்தால் கழுத்தைத் தாங்கி, உடம்போடு சேர்த்து ஒருபக்கமாகத் திருப்புங்கள். வெளிக் காயத்தில் சுத்தமான துணி வைத்து அழுத்துங்கள். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும்.

"முதலில் பணம் கட்டு" என்று சொல்லலாமா?

இனி செலவுக்கு வருவோம்.

முன்பு ஒரு சம்பவம் நடந்தது. ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது கார் மோதியது. அதைப் பார்த்த ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "இது போலீஸ் கேஸ். இங்கே பார்க்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போய்ச் சேருவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

இந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. பரமானந்த் கட்டாரா என்பவர் அதைப் படித்தார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்டு 28-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு டாக்டராக இருந்தாலும் தனியார் டாக்டராக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். போலீஸ், பத்திரம் எல்லாம் பிறகுதான். இதுதான் தீர்ப்பு.

தூக்கிக்கொண்டு வருபவருக்கும் பாதுகாப்பு உண்டு. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதற்கான விதிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரும் விலாசமும் கொடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆகவே ரோட்டில் ஒருவர் கிடந்தால் வேடிக்கை பார்க்க வேண்டாம். கை கொடுங்கள்.

கோயம்புத்தூர் டாக்டர் போட்ட வழக்கு

கோயம்புத்தூரில் கங்கா மருத்துவமனை இருக்கிறது. அங்கே எலும்பு மருத்துவராக இருப்பவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களுக்கு நேரத்தில் உதவி கிடைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்.

அந்த வழக்கு நீண்ட காலம் நடந்தது. இதற்கிடையே சட்டமும் மாறியது. அடிபட்டது முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டம் "பொன்னான நேரம்" என்று சொல்கிறது. அந்த நேரத்தில் காசு வாங்காமல் சிகிச்சை தர மத்திய அரசு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஆனால் திட்டம் வரவில்லை. 2025 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம், "உடனே திட்டத்தைக் கொண்டுவாருங்கள்" என்று உத்தரவு போட்டது. 2025 மே 5-ல் திட்டம் வந்தது.

அந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது?

மோட்டார் வண்டியால் எந்த ரோட்டில் விபத்து நடந்தாலும் இது பொருந்தும். அடிபட்டவர் ஏழையா, பணக்காரரா என்று கேட்பதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை சிகிச்சை. ஓர் ஆளுக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வரை செலவு. இதற்கென்று குறித்த ஆஸ்பத்திரிகளில் இது கிடைக்கும். மற்ற ஆஸ்பத்திரியில் சேர்த்தால், நோயாளியின் நிலையைச் சீராக்கும் வரைதான் இந்தத் திட்டத்தில் பணம் கிடைக்கும். விபத்து நடந்தது உண்மை என்று போலீஸ் உறுதி செய்ய வேண்டும். அதனால் போலீசுக்குத் தகவல் சொல்வது அவசியம்.

கதையில் வந்த தொழிலாளி தானாகத்தான் சறுக்கி விழுந்தார். வேறு வண்டி மோதவில்லை. ஆனாலும் அது மோட்டார் வண்டி விபத்துதான். அவர் வீட்டார் இந்தத் திட்டத்தைக் கேட்கலாம்.

ஆனால் 7 நாள் எல்லோருக்கும் போதுமா? மூளையில் அறுவை செய்தவர் பல வாரம் படுத்திருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் செலவு ஏறும். அதற்கு அடுத்த திட்டம் வேண்டும்.

கேரளத்தின் காருண்யா திட்டம்

மத்திய அரசு 2018 செப்டம்பர் 23-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியது. கேரள அரசு 2019-ல் அதைத் தன் பழைய காப்பீட்டுத் திட்டங்களோடு சேர்த்தது. அதற்குக் "காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி" என்று பெயர். சுருக்கமாகக் காஸ்ப் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்.

இதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆளுக்கு 5 லட்சம் அல்ல. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து 5 லட்சம். ஒருவருக்கே முழுவதும் தேவைப்பட்டால் அவருக்கே செலவு செய்யலாம். குடும்பத்தில் எத்தனை பேர் என்று வரம்பு இல்லை. வயது வரம்பும் இல்லை. குடும்பம் பணம் கட்ட வேண்டியது இல்லை. பிரீமியத்தை அரசே பார்த்துக்கொள்கிறது.

படுத்துச் சிகிச்சை பெறுவதற்குத்தான் இந்தப் பணம். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன் 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவும் இதில் சேரும். வெறுமனே சீட்டு எழுதி மருந்து வாங்கிப் போவதற்கு இது உதவாது.

பணம் நம் கைக்கு வராது. நாமும் கட்ட வேண்டாம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடும். ஆகவே ஆஸ்பத்திரியில் காலெடுத்து வைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இங்கே காஸ்ப் உண்டா? தலைக் காயத்துக்கு உண்டா?" சில ஆஸ்பத்திரி ஒரு நோய்க்குச் சேர்ந்திருக்கும். இன்னொரு நோய்க்குச் சேர்ந்திருக்காது.

எல்லோரும் இந்தத் திட்டத்தில் இல்லை. பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்குத்தான் கிடைக்கும். நம் பெயர் இருக்கிறதா என்று அக்ஷயா மையத்தில் கேட்கலாம். கேரளத்தில் 1056 என்ற திசா எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். ஆயுஷ்மான் திட்டத்துக்கு 14555 என்ற எண்ணும் உண்டு.

ஒரு தவறு பல வீடுகளில் நடக்கிறது. அப்பா பெயரில் மட்டும் அட்டை இருக்கும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்காது. ஒவ்வொருவரும் ஆதாரைக் காட்டித் தனித்தனியாகப் பதிய வேண்டும். நல்லபடியாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். மயங்கிக் கிடக்கும் ஆளின் விரலைப் பிடித்து ரேகை வைக்கும் நிலை வர வேண்டாம்.

இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

மாட்டுப்பட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி எதற்கும் மலை இறங்க வேண்டும். ஒரு பக்கம் அடிமாலி வழியாகக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ். இன்னொரு பக்கம் பூப்பாறை, போடி மெட்டு வழியாகத் தேனி மெடிக்கல் காலேஜ். அதற்கும் அப்பால் மதுரை பெரிய ஆஸ்பத்திரி. சொந்தக்காரர்கள் போடியிலும் தேனியிலும் இருப்பதால் பலர் அந்தப் பக்கமே போக நினைக்கிறார்கள்.

எந்தப் பக்கம் போவது? சொந்தக்காரர் இருக்கும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஸ்கேனும் மூளை அறுவை டாக்டரும் இருக்கும் இடத்தைப் பாருங்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அல்லது 108 வண்டியில் வரும் ஊழியரிடம் கேளுங்கள். "எந்த ஆஸ்பத்திரியில் இப்போது அறுவை செய்ய முடியும்? போன் செய்து கேட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் இறங்கி, அங்கே வசதி இல்லை என்று இன்னோர் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் நேரம் வீணாகும்.

எல்லை தாண்டினால் அட்டை செல்லுமா? ஆயுஷ்மான் பாரத் தேசியப் பட்டியலில் உள்ள குடும்பம் வேறு மாநிலத்திலும் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். மாநில அரசு மட்டும் பணம் தரும் அட்டை அப்படி எல்லா இடத்திலும் செல்லாது. உங்கள் அட்டை எந்த வகை என்று அக்ஷயா மையத்தில் முன்பே கேட்டு, அட்டையின் உறையில் எழுதி வையுங்கள்.

தமிழ்நாட்டில் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களும் இங்கே வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதிலும் இப்போது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வருட வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பர் 18-ல் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. போடி மெட்டு தாண்டிக் கீழே இறங்கும்போது ஜீப் கவிழ்ந்தால் மாட்டுப்பட்டித் தொழிலாளிக்கும் இது உண்டு.

வேலையில் அடிபட்டால்

எல்லா அடியும் ரோட்டில் விழுவதில்லை. கொழுந்து மூட்டையோடு சரிவில் சறுக்கி விழுகிறார்கள். மரக்கிளை தலையில் விழுகிறது. மருந்து அடிக்கும்போது பாறையில் வழுக்குகிறது. அப்போது யார் பொறுப்பு?

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கிறது. வேலையினால் உண்டான காயத்துக்குச் செய்த மருத்துவச் செலவையும், உடல் ஊனத்துக்கு இழப்பீட்டையும் அதன்படி கேட்கலாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்பு இருந்தால் இதில் சேரும்.

ஆனால் அடிபட்டது வேலை நேரத்தில்தான் என்று காட்ட வேண்டும். அதனால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். விபத்துப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். பார்த்த இரண்டு பேரின் பெயரைக் குறித்து வையுங்கள். "பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று விட்டால் பிறகு சாட்சி கிடைக்காது. குடித்துவிட்டு வேலைக்குப் போய் அடிபட்டால் இழப்பீடு கேட்பது மிகவும் கஷ்டம். இதையும் மறக்கக் கூடாது.

மாட்டுப்பட்டி, மூணாறு பக்கம் யானை வரும். யானையோ காட்டுப் போத்தோ தாக்கினால் வனத்துறையிடம் உதவித் தொகைக்கு மனு கொடுக்கலாம். மருத்துவச் சான்றும் பில்லும் கட்டாயம் வேண்டும்.

வண்டி இன்சூரன்ஸ், வங்கி இன்சூரன்ஸ்

வேறு வண்டி மோதியிருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தர வேண்டும். இதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. மருத்துவச் செலவு, போன சம்பளம், இனி வேலை செய்ய முடியாத நஷ்டம் எல்லாம் அங்கே கேட்கலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாயும், உயிர் போனால் 2 லட்சம் ரூபாயும் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் இருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்களுக்கும், தொழிலாளர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

தானாக விழுந்தவருக்கு அடுத்த வண்டியின் இன்சூரன்ஸ் இல்லை. ஆனால் சொந்த வண்டிக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. அது உயிர் போனாலோ நிரந்தர ஊனம் வந்தாலோதான் கிடைக்கும். வண்டி அவர் பெயரில் இருக்க வேண்டும். லைசென்சும் வேண்டும். ஆஸ்பத்திரி பில்லுக்கு அது வராது.

வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 20 ரூபாய்தான். 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். இதுவும் சிகிச்சைச் செலவுக்கு அல்ல. ஆனாலும் 20 ரூபாய்க்கு இதைப் போட்டு வைப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

கதைக்குத் திரும்புவோம். அந்தப் பேரன் விடவில்லை. 108 வந்தது. ஸ்கேனில் இரத்தக் கட்டி தெரிந்தது. அன்று இரவே அறுவை நடந்தது. ரேஷன் கார்டும் காஸ்ப் அட்டையும் ஆதாரும் ஒரே பையில் இருந்தன. மனைவி அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பெரும் பகுதிச் செலவைத் திட்டம் பார்த்துக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை.

ஒரு கை சரியாக வரவில்லை. காலையில் சொன்னது சாயங்காலம் மறந்துபோனது. சின்னச் சின்ன விஷயத்துக்குக் கோபம் வந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். மனைவி பெரியம்மாவிடம் அழுதாள்.

"இவரு பழைய ஆளா இல்ல பெரியம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"அடிபட்டது அவன் மூளைம்மா. மனசு இல்ல. பச்சப் பிள்ளையப் பாக்கிற மாதிரி கொஞ்ச நாள் பாரு" என்றார் பெரியம்மா.

பெரியம்மா சொன்னது சரி. மறதி, கோபம், தலைவலி, வலிப்பு, சோர்வு எல்லாம் மூளைக் காயத்தால் வரும். அது அவர் வேண்டும் என்று செய்வது அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். டாக்டர் கொடுத்த வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. கை கால் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். மதுவைத் தொடவே கூடாது.

இந்த இடத்தில்தான் காப்பீட்டுத் திட்டங்களில் ஓட்டை இருக்கிறது. அறுவைக்குப் பணம் வருகிறது. ஆனால் மாதக்கணக்கான பயிற்சிக்கும், மருந்துக்கும், போன சம்பளத்துக்கும் வருவதில்லை. கூட இருந்து பார்ப்பவரின் சம்பளமும் போகிறது. அதைப் பற்றி யாரும் கணக்குப் போடுவதில்லை. இதை எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். யூனியன் கூட்டத்திலும் கிராம சபையிலும் பேச வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? அரசு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் குழு கேரளத்துப் பஞ்சாயத்துகளில் இருக்கிறது. ஆஷா ஊழியரிடம் சொன்னால் சேர்த்துவிடுவார். ஊனம் நிலைத்துவிட்டால் மாற்றுத் திறனாளிச் சான்றும் யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்குங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பல உதவிகள் கேட்கலாம்.

ஒரு பை தயாராக இருக்கட்டும்

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இவற்றைப் போட்டு வையுங்கள்.

ரேஷன் கார்டு நகல்.
எல்லோருடைய ஆதார் நகல்.
காப்பீட்டு அட்டை.
வங்கிப் பாஸ் புத்தக நகல்.
வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் நகல்.
108, 112, 1056 ஆகிய எண்களை எழுதிய தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது இவற்றையும் அதே பையில் சேருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு. ஸ்கேன் படம். எல்லா பில். காயச் சான்று. போலீசில் பதிந்த எஃப்.ஐ.ஆர். நகல். ஸ்கேன் படத்தைக் குழந்தைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். பல வருடம் கழித்தும் அது தேவைப்படும்.

எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இப்போது படிக்கத் தெரிந்தவர்கள். "என்ன எழுதியிருக்கிறது? கொஞ்சம் பொறுங்கள், படித்துப் பார்க்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மலையாளத்தில் இருந்தால் படித்துச் சொல்லக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. எல்லாக் காப்பீட்டையும் விட மலிவானது ஹெல்மெட். சரியாகப் போட்டு வாரைக் கட்டினால், தலையில் அடிபடும் ஆபத்து ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு குறைகிறது. வண்டியின் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட் கண்ணாடியைத்தான் காப்பாற்றும்.

அந்தத் தொழிலாளி இப்போது மெல்ல நடக்கிறார். லயத்து வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். பைக்கில் போகும் இளைஞர்களைப் பார்த்தால் கையைத் தன் தலைக்குக் கொண்டு போய்த் தட்டிக் காட்டுகிறார். அவர்கள் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

பேசிப் பாருங்கள்

1. தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் ஏன் கவனிக்க வேண்டும்?
2. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேருக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது? இல்லாதவர் யார்?
3. உங்கள் ஊரிலிருந்து ஸ்கேன் வசதி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது? போக எவ்வளவு நேரம் ஆகும்?
4. வேலையில் அடிபட்டால் அன்றைக்கே யாரிடம் சொல்ல வேண்டும்?
5. வீட்டுக்கு வந்த பிறகு ஆகும் செலவுக்கும் உதவி வேண்டும் என்று எங்கே கேட்கலாம்? உங்கள் குழுவில் சேர்ந்து ஒரு மனு எழுதிப் பாருங்கள்.